நாலரைக்கு வீட்டுக்குப் போன சார்

பெரம்பூரில் எங்கள் கணக்கு சார் போன மாதம் காலமானார். பழைய மாணவர்கள் காசு போட்டுத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தோம். நானும் ஐந்நூறு கொடுத்தேன். வாசகத்தைப் பார்க்காமல் கொடுத்தது என் தப்பு. "குடும்பத்தையே மறந்து மாணவர்களுக்காக வாழ்ந்த தியாகச் சுடரே!" என்று போட்டிருந்தது.

அந்தத் தியாகச் சுடர் தினமும் நாலரைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதனாலேயே பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

1978-ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர். மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். காலை ஷிஃப்ட் என்றால் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். மகளுக்குத் தலைவாரி, ரெட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனால் மடித்துக் கட்டி அனுப்புவது சாரின் வேலை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, கரும்பலகைதான் காட்டிக்கொடுத்தது. கோவை இலையும் கரியும் தேய்த்த பலகை, கன்னங்கரேலென்று இருக்கும். சார் விரலில் தேங்காய் எண்ணெய் மிச்சமிருக்கும். சாக்பீஸில் எண்ணெய் ஏறி, இரண்டாவது வரியில் எழுத்தே விழாது, வழுக்கும். அந்தத் துண்டை உடைத்துப் போட்டுவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "ரிப்பன் தேடுறதுல லேட் ஆயிடுச்சுடா" என்பார். தொகை நுண்கணிதத்தில் பாதி எனக்கு இன்றைக்கும் தேங்காய் எண்ணெய் வாசனையோடுதான் ஞாபகம் வருகிறது.

நான் ப்ளஸ் டூ படித்தது 1994-ல். நுழைவுத் தேர்வு இருந்த காலம், ட்யூஷனில் பணம் கொட்டியது. சார் ட்யூஷன் எடுக்கவில்லை. மற்றவர்கள் ஏழு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள், அதற்கும் இருக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் அவருக்கு 'அர்ப்பணிப்பு இல்லாதவர்' என்று பெயர். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்வார். ஆனால் போனால் சும்மா உட்கார முடியாது. மொச்சையை முன்னால் தள்ளிவிடுவார், உரித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

கணக்கில் தவறிய நண்பன் ஒருவன், "சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருந்தார்னா நான் பாஸ்" என்று இன்னமும் சொல்வான். இருக்கலாம். அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வாத்தியாரைக் கொண்டாட, அவர் வீட்டை மறந்தவராக இருந்தே ஆக வேண்டுமா? இதே பள்ளியில் ஒரு டீச்சர் குடும்பத்தை மறந்திருந்தால் 'சுடரே' என்றா எழுதியிருப்போம்? ஊரே வைதிருக்கும். பள்ளியையும் பார்த்து வீட்டையும் பார்த்த ஆம்பளைக்கு எழுத நம்மிடம் ஒரு வாசகம்கூட இல்லை. அதனால்தான் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் எல்லோருக்கும் போடுகிற வரியையே சாருக்கும் போட்டுவிட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்த வேலைநிறுத்தத்தில் ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கப்பட்ட சுமார் 1.7 லட்சம் பேரில் சாரும் ஒருவர். ஆறுதல் சொல்லலாம் என்று இரண்டு பேர் போனோம். அடுக்களையில் அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். "உக்காருங்க, சூடா சாப்பிட்டுப் போகலாம்" என்றார். வேலையைப் பற்றி அப்புறம்தான் பேச்சு வந்தது. திரும்ப எடுத்துக்கொண்டார்கள், 2011-ல் ஓய்வு பெற்றார். கடைசி வருஷங்களில் சாரின் மனைவிக்கு மூட்டுவலி. சமையல் முழுக்க சார்தான்.

படத்திறப்பு அன்று மகளிடம் ஃப்ளெக்ஸ் வாசகத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். எண்ணெய் சாக்பீஸ் கதையையும் சொன்னேன். அவருக்கு அது தெரியாதாம். அழுகையோடு சிரித்துவிட்டார்.

"அப்பா பின்னினா ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே நிக்கும், அண்ணா. ஸ்கூல்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா வகிடு மட்டும் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும்."