காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர் ஓசிக்கு வந்தவர் அல்ல

இரண்டு நாட்களாக எல்லோரும் பகிர்ந்துவரும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு நின்ற அந்த அம்மாவிடம் மருத்துவமனை முன்பணம் வாங்கியதைவிட, அதன் கீழே "ஓசி வைத்தியத்துக்கு இவ்வளவு வாயா" என்று படித்தவர்களே எழுதியிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அது ஓசி வைத்தியம் அல்ல. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் இந்த ஏற்பாட்டில் பிரீமியத்தை அரசு கட்டுகிறது. அரசின் பணம் என்பது, செருப்பு வாங்கினாலும் வரி கட்டும் அந்த அம்மாவின் பணமும்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, வாசலில் பலகையும் மாட்டிய மருத்துவமனை, திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தையை நெஞ்சுவலியோடு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோதும் இதுவே நடந்தது. "அப்ரூவல் வரும்வரை கட்டி வையுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்றார்கள். அத்தையின் சங்கிலியை அடகு வைத்து மாமா கட்டினார். ரசீது கேட்டபோது, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தொகையை மட்டும் எழுதி, கையெழுத்துகூட இல்லாமல் நீட்டினார்கள். மறுநாளே அப்ரூவல் வந்தது, பணம் வரவில்லை. கேட்கப் போன மாமாவிடம், "உயிரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம், நீங்கள் பணத்தைப் பேசுகிறீர்களே" என்றார்கள். அதன்பின் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

திட்டத்தில் தரும் தொகை கட்டுப்படியாகவில்லை என்று மருத்துவ நண்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம், அதை அரசிடம் பேசுங்கள், நோயாளியின் கழுத்தில் கை வைக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்பவர்களுக்கும் சொல்கிறேன்: போகிறார்கள். அங்கே இதே அட்டையில் செய்யும் சிகிச்சைக்கான தொகை அந்த மருத்துவமனைக்கே வருகிறது. ஆனால் நடுராத்திரியில் மூச்சுத் திணறும் மனிதரைப் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குத்தான் யாரும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதற்காகத்தானே தனியாரையும் இந்தத் திட்டத்தில் சேர்த்தார்கள்?

வசதியானவர்களும் அட்டை வாங்கிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டைக் கேட்டாலே எனக்கு மனம் கொதிக்கிறது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. மாதம் 12,000 வாங்கும் ஒரு காவலாளி, அந்தச் சம்பளத்தை உள்ளபடி சொன்னால் அவர் குடும்பத்துக்கு அட்டை கிடையாது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நிற்பவர்களை வசதியானவர்கள் என்கிறீர்கள். நம் நிறுவனம் கட்டும் காப்பீட்டில் நாம் படுத்து எழுந்தால் அது உரிமை, அவர்கள் படுத்தால் ஓசியா?

அந்தப் பின்னூட்டங்களை எழுதியவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். உங்களிடமே கேட்கிறேன்: அந்த அம்மாவிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அதே இடத்தில் ஒரு வரி எழுதுங்கள்.