டெக்சாஸ் துப்பாக்கிச் சட்டம்: கட்டுரையில் விடுபட்டவை

‘2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் யாரும் எங்கும் உரிமமின்றிக் கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம்’ என்று ஒரு கட்டுரை சொல்வது தவறு. இதை நம்பி நடப்பவர் சிறைக்குப் போக நேரும்.

உரிமமின்றிக் கொண்டுபோக அந்தத் தேதி முதல் அனுமதித்த மாநிலச் சட்டம் வைத்த 21 வயது வரம்பை 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாது என்றது உண்மை. மற்ற வரம்புகள் அப்படியே இருக்கின்றன. கடந்த 5 ஆண்டுகளில் உடற்காயம் விளைவித்த தாக்குதலுக்குத் தண்டனை பெற்றவருக்கு அனுமதி இல்லை. வெளியே தெரியும்படி வைத்தால் துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும். வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மது விற்பனையில் ஈட்டும் பார்களுக்குள் கொண்டுபோகவே கூடாது.

பலர் மாட்டிக்கொள்வது பள்ளி அருகில்தான். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. உரிமம் இல்லாதவருக்கு மாநிலச் சட்டம் தந்த சலுகை அங்கே செல்லாது. காரில் போனாலும் இதே கதிதான், குண்டு நீக்கிப் பூட்டிய பெட்டியில் வைத்திருந்தால் ஒழிய. டெக்சாஸ் உரிமம் வழங்குவதை நிறுத்தவில்லை, வாங்கிக்கொள்வதே நல்லது.

கடைக்காரர்களுக்கு ஒன்று: துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று அறிவிக்கும் பலகைகளுக்கு டெக்சாஸ் தண்டனைச் சட்டப் பிரிவு எண்களே பெயர். 30.06, 30.07 பலகைகள் உரிமம் உள்ளவர்களுக்கானவை, முன்னது மறைத்து வைப்போருக்கு, பின்னது வெளியே தெரிய வைப்போருக்கு. உரிமமற்றவர்களைத் தடுக்க 30.05 பலகை தனியாக வேண்டும்.

எச்-1பி விசாவில் உள்ள நம்மவர்கள் கவனிக்க: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.