ஓரத்தில் ஒரு 'சே'

(கூடம். மாலதி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். பெண்களின் உடலையும் வாழ்க்கையையும் பற்றிய அவளுடைய கட்டுரைப் புத்தகம் சேகர் கையில். மனைவியின் புத்தகத்தைக் கணவன் எடுப்பதே அபூர்வம். எடுத்தவன் முப்பது பக்கம் தாண்டிவிட்டான் என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.)

சேகர்: மாலதி, இதுல என் பேர் வருதே?

மாலதி: எழுதினவங்க உங்களைப் பார்த்ததே இல்லீங்க.

சேகர்: அச்சுல இல்ல, ஓரத்துல. பென்சில்ல 'சே'ன்னு போட்டு ஒரு அம்புக்குறி.

மாலதி: அது நீங்கதான்னு யார் சொன்னா? படிக்கப் படிக்க வெறுத்துப்போய் 'சே'ன்னு எழுதியிருப்பேன்.

சேகர்: அப்படியா? இதைக் கேளு. ஆபீஸ் ஏசியை எவ்வளவு குளிர்ல வைக்கணுங்கற கணக்கை 1960-கள்ல போட்டாங்களாம். 40 வயசு, 70 கிலோ ஆம்பளை ஒருத்தரை அளவா வெச்சு. பொம்பளை உடம்பு உண்டாக்குற சூட்டை அது 35 சதவீதம் வரைக்கும் அதிகமாக் காட்டுதுன்னு 2015-ல ஒரு ஆய்வு சொல்லிச்சாம். பக்கத்துல உன் கையெழுத்து: 'சே – ரிமோட் தலையணைக்கு அடியில்.'

மாலதி: தலையணை உங்களோடதுதானே?

சேகர்: தொலைஞ்சுடக் கூடாதுன்னு வெச்சேன். அதோட, அந்தக் கணக்கு எனக்குப் பொருந்தாது. நான் 70 கிலோ இல்ல.

மாலதி: ஆமா, அதைத் தாண்டித்தான் ரொம்ப நாளாச்சே.

சேகர்: சரி, அடுத்தது. காரை மோதவிட்டுச் சோதிக்கிற பொம்மை. ரொம்பக் காலம் சராசரி ஆம்பளை அளவுலதான் செஞ்சாங்க, பொம்பளை பொம்மைங்கறது அதையே சின்னதாக்கினதுதான்னு போட்டிருக்கு. ஒரே மாதிரி விபத்துல, பெல்ட் போட்டு வண்டி ஓட்டுற பொம்பளைக்குப் பலத்த அடி படுற வாய்ப்பு 47 சதவீதம் அதிகம்னு 2011-ல ஒரு அமெரிக்க ஆய்வு. இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? 'பக்கத்து சீட்டில் சே இருந்தால் இன்னும் கூடும்'னு எழுதியிருக்க!

மாலதி: நீங்க 'பிரேக்கு! பிரேக்கு!'ன்னு கத்தினா கூடாம என்ன செய்யும்?

சேகர்: (பக்கம் புரட்டி, முகம் மலர்ந்து) ஆ! இங்க பாரு, 'சே பரவாயில்லை'ன்னு போட்டிருக்க. எதுக்கு? 1983-ல அமெரிக்காவோட முதல் விண்வெளி வீராங்கனை சாலி ரைடு விண்வெளிக்குப் போறாங்க. ஒரு வாரப் பயணம். நாசா எஞ்சினியர்ங்க, 'மாதவிடாய்க்கு 100 டேம்பான் போதுமா?'ன்னு அவங்ககிட்ட கேட்டாங்களாம். அதான! நான் அப்படிக் கேட்பேனா?

மாலதி: கல்யாணமான புதுசுல ஒரு பாக்கெட் நாப்கினை வாங்கிட்டு வந்து, 'ஒரு வருஷத்துக்கு வருமா?'ன்னு கேட்டீங்க. அவங்க கூட்டிச் சொன்னாங்க, நீங்க குறைச்சுச் சொன்னீங்க. ரெண்டையும் கலந்தா ஓரளவுக்குச் சரியா வரும்.

(சேகர் வேகமாகப் புரட்டுகிறான். தன் பெயரைத் தேடிப் படிக்கிறவனுக்கு எந்தப் புத்தகமும் சுவாரசியம்தான்.)

சேகர்: தூக்க மாத்திரை... ஸோல்பிடெம். 1992-ல அமெரிக்காவுல அனுமதி. அது பொம்பளைங்க உடம்பை விட்டு மெதுவாத்தான் வெளியேறுதுன்னு சொல்லி, அவங்களுக்கு அளவைப் பாதியாக் குறைச்சது 2013-ல. 21 வருஷம்! இதுல என் பேரைக் காணோமே?

மாலதி: அமெரிக்க மருந்து நிர்வாகத்தையும் நீங்களா நடத்துறீங்க?

சேகர்: இல்ல, ஒரு வழக்கமாயிடுச்சு. சரி, இதுல இருக்கேன். உலகத் தொழிலாளர் அமைப்பு, 2018 அறிக்கை. சம்பளமில்லாத வீட்டுவேலை, பராமரிப்பு எல்லாம் சேர்த்து பொம்பளைங்க ஒரு நாளைக்கு 4 மணி 25 நிமிஷம், ஆம்பளைங்க 1 மணி 23 நிமிஷம். 'சே: நானும் உதவி செய்றேனே.' ஆமா, செய்றேன்தான். ஒன்றரை மணி நேரமே வருமே!

மாலதி: 'அது எங்க இருக்கு, இது எங்க வெச்சே'ன்னு கேட்ட நேரத்தைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க.

சேகர்: (யோசித்து) கழிச்சா... விடு, அதை எதுக்குக் கழிக்கணும். இது என்ன, நீல மை? உன் கையெழுத்தும் இல்ல.

மாலதி: எந்த இடம்?

சேகர்: மாதவிடாய் நிக்கிற காலம். உடம்பு திடீர்னு கொதிக்கிறது பாதிப் பேருக்கு 7 வருஷத்துக்கு மேலயும் நீளுமாம். பக்கத்துல, 'நடு ராத்திரி ஜன்னலைத் திறந்தால் வீடே திட்டும். அம்மாவுக்குக் கோபம்தான் வியாதி என்றான் ராஜா.' யாரு இந்த ராஜா? நல்லா வாங்கிக் கட்டிக்கிறான்.

மாலதி: உங்களை ராஜான்னு கூப்பிடற ஒரே ஆள் யாருங்க?

(சேகர் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோகிறான்.)

சேகர்: அம்மா இதைப் படிச்சாங்களா?

மாலதி: எனக்கு முன்னாடியே. பக்கம் மடிச்சு வெச்சதெல்லாம் அத்தைதான்.

சேகர்: நான் அப்ப பிளஸ் டூ. ராத்திரி ஃபேனுக்குக் கீழ தனியா உட்கார்ந்திருப்பாங்க. நாங்க போர்வைக்குள்ள சிரிப்போம்... இதுக்குக் கீழ இன்னும் ஒரு வரி இருக்கு. 'அவனுக்குத் தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரியும்.' சே.

மாலதி: இது எந்தச் சே?

சேகர்: என் சே. (எழுந்து மேசை இழுப்பறையைக் குடைகிறான்.) அம்மாவுக்குக் கீழயே ஒரு வரி எழுதணும். பேனா எங்க வெச்சே?

மாலதி: கடிகாரத்தைப் பார்த்துக்கறேன், இந்த நேரமும் கழியும்.

சேகர்: கழிச்சுக்கோ. இந்தா, கிடைச்சுடுச்சு. அட, எழுத ஒரு இஞ்ச் இடம் இல்லியே! இந்தப் பின்னட்டை உள்பக்கம் வெறுமனேதான இருக்கு?

மாலதி: அதுல கை வெக்காதீங்க. அடுத்து புத்தகம் உங்க தங்கச்சிகிட்ட போகுது. அவளுக்குன்னு விட்டது.

சேகர்: முழுப் பக்கமுமா? அவளுக்கு எதுக்கு அவ்வளவு?

மாலதி: போதாதுங்கறா. தாள் ஒட்டித் தரச் சொல்லியிருக்கா.