யாழ் மீட்டும் மன்னன் இராசராசன் அல்லன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழரிடையே வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி ஒன்று, மன்னன் நரம்பிசைக் கருவி மீட்டும் பதக்கக் காசை இராசராச சோழனின் பொற்காசு என்கிறது. இது தவறு. அவ்வுருவம் கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவை ஆண்ட குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தனுடையது. வில் வடிவ யாழை மடியில் வைத்து மீட்டும் அவனைச் சுற்றிப் பிராமி எழுத்தில் அவன் பெயரும், பின்புறம் அமர்ந்த கோலத்தில் இலக்குமியும் காணப்படுகின்றன. 985 முதல் 1014 வரை ஆண்ட இராசராசனின் பரவலாகக் கிடைக்கும் காசுகளிலோ, நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அவன் பெயருமே உள்ளன. இரு பெருமைகளையும் குழப்புவது இருவருக்குமே நீதியன்று. சமுத்திரகுப்தனின் யாழ் மீட்டும் மூலக் காசுகள் மிக அரியவை. பதக்கங்களாக விற்கப்படுபவற்றுள் பல அண்மைக்கால நகல்கள், அவற்றை அழகுக்காக அணிவதில் குறையேதும் இல்லை. ஆனால் பழங்காசு என ஐயுறத்தக்க ஒன்று வீட்டில் இருந்தால், வல்லுநர் பார்க்கும் முன் அதில் துளையிடவோ வளையம் பற்றவைக்கவோ கொடுக்காதீர்கள்.