சிரிச்சு முடிச்சாச்சுன்னா ரெண்டு வார்த்தை

நம்ம ஊர்த் தம்பி ஒருத்தன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடாகி நடு ரோட்டில் நின்றதே, அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பியாச்சு. பன்னிரண்டாவது ஆள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். சிவப்பு ரெண்டு சீட் வண்டி, ரோட்டில் ரோஸ் கலர் தண்ணீர், ஓரமாகத் தலைகுனிந்து நிற்கும் தம்பி, பின்னணியில் ‘லேய், இந்தப் பைசாக்கு நாலு ஆட்டோ வாங்கி விட்டிருக்கலாம்லா’ என்று ஒரு குரல். ஒருத்தர் முன்பக்கத்தைத் திறந்து பார்த்து ‘இன்ஜினையே காணலேடே’ என்று சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கமென்ட்டில் ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’, ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தனை சான்றோர் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போச்சு.

அந்த வீடியோவில் சரியான காரியம் செய்த ஒரே ஆள் அந்தத் தம்பிதான். டெம்பரேச்சர் முள் ஏறியதும் நிறுத்தி இன்ஜினை அணைத்திருக்கிறான். ‘மெதுவா வீட்டுக்குப் போயிரலாம்’ என்று இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இன்ஜினுக்கு மேல்மூடி மாதிரி இருக்கிற அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போய், ரேடியேட்டர் செலவு இன்ஜின் செலவாக மாறியிருக்கும். அதை சாதாரண இன்ஷூரன்ஸும் தராது. விபத்துக்குத்தான் பாலிசி, சூடானதுக்கு இல்லை. நடு ரோட்டில் நிறுத்திட்டான் என்று திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவன் தப்பு செய்தது பணம் கொடுத்த அன்றைக்கு. வெளிமாநிலத்து வண்டி, போட்டோவும் வீடியோ காலும் பார்த்து அட்வான்ஸ், மிச்சம் டெலிவரியில். மெக்கானிக் கடை லிஃப்டில் வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஆசைப்பட்டது தப்பில்லை, சிவப்பு தப்பில்லை, இந்த ஊரில் பிறந்ததும் தப்பில்லை. தூக்கிப் பார்க்கவில்லை, அதுதான் தப்பு.

முன்பக்கம் இன்ஜின் இல்லையே என்று சிரித்த அண்ணனுக்காக: அந்த மாதிரி வண்டியில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் நடுவில் இருக்கும். ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள், ரெண்டு மூலையிலும். காற்று போக பம்பரில் பெரிய ஓட்டை இருக்கும். அது வழியாக இலை, சருகு, மண், பிளாஸ்டிக் கவர் எல்லாம் உள்ளே போய் ரேடியேட்டருக்கு முன்னால் சேரும். மழையில் நனைந்து மட்கும். எப்போதும் ஈரமாக இருக்கிற அந்தக் குப்பை அலுமினியத்தை அரிக்கும். வெளியே பாலிஷ் கண்ணாடி மாதிரி மின்னும். உள்ளே கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற அந்த ரோஸ் கலர் தண்ணீர், கசிந்து காய்ந்து வெள்ளைத் தடமாகப் படிந்திருக்கும். டார்ச் அடித்துப் பம்பர் ஓட்டைக்குள் பார்த்தாலே பாதி தெரியும். தூக்கிப் பார்த்தால் முழுசும் தெரியும். பத்து நிமிஷ வேலை.

‘8,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்று டீலர் சொன்னாராம். இதைக் கேட்டு மயங்காத ஆள் கிடையாது. பத்து வருஷத்தில் 8,000 ஓடிய வண்டி என்றால் அது முக்கால்வாசி நாள் நின்ற வண்டி. நின்ற வண்டிக்கு ஆயில் சீல் காய்ந்து சுருங்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரில் தடம் புதுசாக இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் உண்டு. 2316 என்றால் 2016-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டியிருந்தால், தடம் எப்படி இருந்தாலும் நாலு டயர் விலையை வண்டி விலையிலிருந்து கழித்துப் பேசணும். வருஷத்துக்கு ஐந்தாயிரம், ஆறாயிரம் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கிற 45,000 கிலோமீட்டர் வண்டி கிடைத்தால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். சொன்னால் யாரும் கேட்பதில்லை, அது வேறு.

வாங்கப் போகிற மற்ற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். காலையில் போங்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது. நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்க. ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் இன்ஜினுக்குள் ஓடுகிற சங்கிலியின் சத்தமும் நீலப் புகையும் வெளியே வரும். பெயின்ட் கனம் அளக்கிற மீட்டர் ஒன்று கையில் வேணும். கம்பெனி பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஒரு கதவில் மட்டும் 400, 500 காட்டினால் அங்கே டிங்கரிங் நடந்து பட்டி போட்டிருக்கிறது. பிறகு வண்டியின் கம்ப்யூட்டர்களில் மாட்டிப் பதிவைப் படிக்கிற ஸ்கேனர். மீட்டர் போர்டில் கிலோமீட்டரைத் திருத்தியிருந்தாலும் வேறு கம்ப்யூட்டர்களில் பழைய கணக்கு மாட்டிக்கொண்டிருக்கும். போர்ஷே மாதிரி வண்டிகளில் இன்ஜின் தன் சுற்று எல்லையைத் தாண்டி எப்போது சுற்றியது என்பதுகூடப் பதிவாகியிருக்கும். கடைசியில் லிஃப்ட். அடிப்பக்க மூடியைக் கழற்றச் சொல்லுங்க. ‘அதெல்லாம் வேண்டாம் சார், கம்பெனி சீல் போயிரும்’ என்பார்கள். அப்படி ஒரு சீல் கிடையாது. தூக்க விடமாட்டேன் என்றால் வண்டியை அங்கேயே விட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்துருங்க.

துணிக்கூரை வண்டி என்றால் இன்னொன்று. கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் இறங்கச் சின்னக் குழாய்கள் உண்டு. எனக்குத் தெரிந்த வர்க்‌ஷாப்புக்குக் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. ரப்பர் தோட்டத்தை ஒட்டின வீடு. சருகு அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியில் இருந்த கண்ட்ரோல் பாக்ஸ் முங்கிவிட்டது. சாவியை வண்டிக்கு அடையாளமே தெரியவில்லை. நமக்கு வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம். அந்தக் குழாயை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது நைலான் நரம்பு விட்டு எடுக்கணும். குளச்சல், முட்டம் பக்கத்துக்காரர்கள் வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவணும். உப்புக்காற்றுக்கு பிரேக் டிஸ்க்கும் அலாய் வீலும்தான் முதல் இரை.

பேப்பரைப் பற்றிச் சுருக்கமாக. பழைய ஆர்.டி.ஓ.வில் இருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), அதுதான் படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. லோன் இருந்திருந்தால் 35-ம் பேங்க் கடிதமும். வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம்ம மாவட்டத்து TN 74-ஓ 75-ஓ புது எண் வாங்கித்தான் ஆகணும். வரியைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசாதீங்க. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். குறைந்தாலும் லட்சங்கள்தான்.

இனி எதிர்க்கேள்விகள். ‘இந்த ரோட்டுக்கு இது எதுக்கு?’ சரி, ரோட்டைப் பேசலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். 13 சென்டிமீட்டர் தரை இடைவெளி உள்ள வண்டி அதில் சாய்வாக, மெதுவாக ஏறி இறங்கிவிடும். நம்ம தெருக்களில் இருப்பது வேகத்தடையா? ராத்திரியோடு ராத்திரியாகச் சிமென்ட் கொட்டிய வரப்பு. அதில் கர்ப்பிணி உட்கார்ந்த ஆட்டோவும் குலுங்குகிறது, ஆம்புலன்ஸும் குலுங்குகிறது. அப்போதெல்லாம் வராத கோபம் ஒரு சிவப்புக் கார் உரசினால் சிரிப்பாக வருகிறது.

‘பெட்ரோல் வீண்.’ மாதத்தில் நாலு ஞாயிறு ஆரல்வாய்மொழி வரை போய் வருகிற வண்டி எத்தனை பெட்ரோல் குடித்துவிடும்? அடுத்த கேள்விக்குப் போகலாம்.

‘பணக்காரன் பிரச்சினை, நமக்கென்ன.’ இதுதான் என்னைச் சுடுகிறது. அவன் பணக்காரனா? கப்பலில் வருஷக்கணக்காக இன்ஜின் ரூமில் வெந்து சேர்த்த பணம். அதே பணத்தில் அவன் வீட்டுக்கு மூன்றாவது மாடி கட்டியிருந்தால் ‘பொறுப்பான பய’ என்பீர்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு இருநூறு பவுன் போட்டிருந்தால் பந்தியில் உட்கார்ந்து பாராட்டியிருப்பீர்கள். யாரும் குடியிருக்காத மாடி வீண் இல்லை, லாக்கரில் தூங்குகிற நகை வீண் இல்லை, பள்ளிக்கூட நோட்டு அட்டையில் படம் ஒட்டி வைத்திருந்த வண்டியை முப்பத்தைந்து வயதில் வாங்கினால் மட்டும் திமிர். எனக்கும் ஊரில் ‘காரு கிறுக்கன்’ என்றுதான் பேர், பழகிவிட்டது. அவனுக்குப் பழகவில்லை. வீடியோவில் அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் அவனைத் தாங்குகிறேன் என்று சொல்வீர்கள். தாங்கவில்லை. தூக்கிப் பார்க்காமல் வாங்கினது தப்புதான், அதை அவனிடமே சொல்வேன்.

வீடியோவின் கடைசி அரை நிமிஷத்தையும் பாருங்க. ரெக்கவரி வண்டி வருகிறது, காரை முழுசாக மேலே ஏற்றுகிற மட்டப் பலகை வண்டி இல்லை, ஒரு முனையைத் தூக்கி இழுக்கிற கொக்கி வண்டி. பம்பருக்கு அடியில் சங்கிலியைச் சுற்றித் தூக்குகிறார்கள். பம்பர் கிழிந்து தொங்குகிறது. மறுபடி சிரிப்பு. ரேடியேட்டரோடு போயிருக்க வேண்டிய செலவு அங்கே ரெட்டிப்பு. பம்பரில் ஒரு சின்ன மூடியைத் திறந்தால் மரை இருக்கும். அதில் இழுவைக் கொக்கியைத் திருகி மாட்டி, பலகை வண்டியில் வின்ச் (கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கிற உருளை) வைத்து இழுத்து ஏற்றணும். அந்தக் கொக்கி முன் டிக்கியில், டூல் கிட்டோடு இருக்கும். இன்ஜினைக் காணோம் என்று சிரித்தாரே அந்த அண்ணன், அவர் கைக்கு நேர் கீழே.