கணவாய்க் காற்றும் அணை நீரும் ஒரே கணக்கில் வரவேண்டும்

புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பற்றிய செய்தி எதை எடுத்தாலும் அதில் ஓர் எண் முன்னால் நிற்கும். இத்தனை மெகாவாட் நிறுவினோம், இத்தனை மெகாவாட் இலக்கு வைத்திருக்கிறோம் என்று. நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி, புதைபடிவ எரிபொருளைச் சாராதது என்ற நிலையை இந்தியா 2025 ஜூன் மாதத்தில் எட்டியது. பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ் 2030க்கென்று ஒப்புக்கொண்ட அந்த அளவை ஐந்தாண்டுகள் முன்னதாகவே எட்டியிருப்பது உண்மையிலேயே மகிழ வேண்டிய செய்தி. ஆனால் திறனை விட்டுவிட்டு, ஓராண்டில் உற்பத்தியாகும் யூனிட்டுகளை எண்ணினால், ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. பாதித் திறன் கையில் இருந்தும் மின்சாரம் அந்த அளவுக்கு வராதது ஏன் என்று கேட்பவர்கள், ஒரு முறை பாலக்காட்டுக் கணவாய்க்கு வந்து நின்று பார்க்கலாம்.

நான் வாழ்வது கேரளத்தின் சித்தூர் வட்டத்துக் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே. மின் கட்டணத்தைக் கேரள மின் வாரியத்துக்குக் கட்டுகிறோம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கம். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் உயர்ந்து நிற்க, இடையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. மேகத்தைத் தடுத்து மழையாக்க மலை இல்லாததால் கேரளத்துக்குள் இருந்தும் எங்கள் பகுதி வறண்டு கிடக்கிறது. அந்த இடைவெளியில் நெருக்குண்டு வேகம் கூடும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை காத்தாடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தெற்கே செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இதே கதைதான்.

இந்தக் காற்று வைகாசிக் கடைசியில் எழுந்து புரட்டாசியில் அடங்கிவிடும். ஒரு காற்றாலை ஆண்டு முழுவதும் தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த நான்கைந்து மாதங்களுக்குள் வந்துவிடுகிறது. அதே மாதங்களில்தான் கேரளத்தின் அணைகளும் நிரம்புகின்றன. வெயில் தணிந்து வீடுகளில் குளிர்சாதனங்களின் ஓட்டமும் குறைகிறது. காற்றும் நீரும் ஒன்றாக வந்து குவியும் வேளையில் தேவை இறங்கிவிடுவதால், பலமான காற்றுள்ள நாள்களில்கூட உற்பத்தியைக் குறைக்கச் சொல்லிக் காற்றாலைகளுக்கு உத்தரவு வருவது தமிழ்நாட்டில் நெடுங்காலச் சிக்கல். அனல்மின் நிலையங்களை நினைத்த நேரத்தில் நிறுத்தி நினைத்த நேரத்தில் ஏற்ற முடியாது என்பதும் இதற்கு ஒரு காரணம். அவை தங்கள் திறனில் 40 விழுக்காடு வரை இறங்கி ஓடப் பழக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023ஆம் ஆண்டில் விதி வகுத்தது. பழைய கொதிகலன்களுக்கு அது எளிதான வேலை அன்று.

பங்குனி, சித்திரையில் எல்லாம் தலைகீழாகிறது. காற்று நின்றுவிடும், அணை நீர் அடிமட்டத்தை நோக்கி இறங்கும், பாலக்காட்டில் வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கும் அளவுக்கு வெயில் ஏறும். 2024 மே தொடக்கத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டையும், அதே வாரத்தில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,800 மெகாவாட்டையும் கடந்தன. இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் அந்த உச்சம் பிற்பகலில் வந்தது. சூரிய மின்சாரம் அதில் ஒரு பெரும்பங்கைத் தாங்க முடிந்தது. கேரளத்தின் உச்சம் இரவில் வந்தது. கேரளத்தில் பெரிய ஆலைகள் குறைவு, வீடுகளே முதன்மையான நுகர்வோர். சூரியன் மறைந்த பிறகுதான் வீடு விழித்துக்கொள்கிறது. ஆகவே, கூரைதோறும் சூரியத் தகடு பதித்தாலும், நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தை இரவு பத்து மணிக்குக் கொண்டுசேர்க்கும் வழி இல்லாதவரை, அந்த இரவு மின்சாரத்தை வெளியிலிருந்து அதிக விலை கொடுத்து வாங்கியே ஆகவேண்டும்.

கொண்டுசேர்க்கும் வழி எங்கள் மலையிலேயே இருக்கிறது. வால்பாறை போகும் வழியில் ஆழியாற்றைக் கடந்து ஏறுபவர்களில் எத்தனை பேருக்குக் காடம்பாறை நீரேற்று மின் நிலையத்தைத் தெரியும் என்று நான் வியந்ததுண்டு. 1980களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தின் திறன் 400 மெகாவாட். பாறையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்திருக்கிறார்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து காடம்பாறை அணைக்கு நீரை ஏற்றி வைத்து, தேவை மிகும் நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றச் செலவிட்டதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் திரும்பக் கிடைக்கும். மீதி இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் காற்றாலையை நிறுத்திவைத்தால் இழப்பு முழுவதும் அல்லவா? நிலக்கரி மின்சாரம் இரவில் மிஞ்சிய காலத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட இத்தகைய நிலையங்கள், இனி நண்பகல் சூரிய மின்சாரத்துக்கும் ஆடி மாதக் காற்றுக்கும் ஏற்றபடி தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட் திறனுடன் கட்டப்பட்டு வருவது நல்ல செய்தி. அதற்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடைக்கும் பள்ளத்தாக்கிலெல்லாம் புது அணை கட்டலாம் என்று யாரும் வாதிட வேண்டாம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவைப் பார்த்த பிறகு இந்த மலைகளை இன்னும் எவ்வளவு குடையலாம் என்ற கேள்விக்குக் கவனமாகத்தான் விடை சொல்ல வேண்டும். இருக்கிற அணைகளை இணைத்துப் பயன்படுத்துவதற்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பருவநிலை மாற்றத்துக்கு மருந்தாக நாம் நம்பும் நீர்மின்சாரத்தையே பருவநிலை மாற்றம் அசைத்துக்கொண்டிருக்கிறது. 2018 ஆகஸ்டில் நீர் மிகுந்து, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணையிலிருந்து நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 2023இல், தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்தியா முழுவதற்கும் அந்த ஆகஸ்ட், 1901 முதலான பதிவுகளில் மிக வறண்ட ஆகஸ்ட். அணையை நிரப்பி வைத்தால் வெள்ள அச்சம், வைக்காவிட்டால் கோடையில் தட்டுப்பாடு என்ற இந்த இக்கட்டில், கேரளம் தனியாகக் கணக்குப் போட்டுத் தப்பிக்க முடியாது. காற்று பலமாக வீசும் மாதங்களில் தமிழ்நாட்டின் மிகுதியைக் கேரளம் எடுத்துக்கொண்டு, வெள்ள வரம்புக்கு உட்பட்டுத் தன் அணை நீரைக் காத்து, கோடை இரவுகளில் அந்த நீரிலிருந்து இரு மாநிலங்களுக்கும் மின்சாரம் தரலாம். மாநிலங்களுக்கிடையே மின்சாரக் கைமாற்று இன்றும் நடக்கிறது. ஆனால் அது அந்தந்த ஆண்டின் அவசரத்துக்குச் செய்யும் ஏற்பாடு. நான் கேட்பது பல ஆண்டுகளுக்கு நிற்கும் ஓர் ஒப்பந்தம்.

தண்ணீருக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் வரவேண்டும், எங்கள் வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. கேரளச் சோலையாறு அணைக்கு 12.3 டி.எம்.சி. கிடைக்க வேண்டும் என்பதோடு, செப்டம்பர் 1, பிப்ரவரி 1 ஆகிய இரு நாள்களில் அந்த அணை முழுக் கொள்ளளவில் இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். மின் உற்பத்தியை மனத்தில் வைத்து, நாள் குறித்து எழுதப்பட்ட விதி அது. நீர் குறைந்த ஆண்டுகளில் இரு பக்கமும் சச்சரவு எழுவதை நானும் பார்த்திருக்கிறேன். என்றாலும் கூட்டு நீர் ஒழுங்கு வாரியம் கூடுகிறது, அளக்கிறது, பேசுகிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னால் நீரை நாள் குறித்துப் பங்கிட முடிந்த இரு அரசுகளுக்கு, காற்றையும் அப்படிப் பங்கிடுவது முடியாத செயலாக இருக்க நியாயம் இல்லை.

மின்சாரம் எல்லை தாண்டிப் போகக் கம்பி வேண்டும். கம்பிக்கு நிலம் வேண்டும். எல்லோரும் விரைந்து கடந்துபோக விரும்பும் பகுதி இதுதான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6,000 மெகாவாட் திறனுள்ள நேர்மின்னோட்டப் பாதையும், புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் பாதையும் அமைக்கப்பட்டன. பின்னது 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இரண்டும் தேவையான பாதைகள். தென்னக மின்கட்டமைப்பு அவற்றால் வலுப்பெற்றது. ஆனால் தமிழ்நாட்டுப் பகுதி முழுவதும் உயர்மின் கோபுரங்கள் வழியே தோட்டங்களுக்கு மேலாகச் செல்லும் அந்தத் திருச்சூர்ப் பாதை, கேரளத்தில் வடக்கஞ்சேரியிலிருந்து திருச்சூர்வரை இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் மேல் நிலத்துக்கு அடியில் கேபிளாகச் செல்கிறது. உயர்மின் பாதைகளைச் சாலையோரம் நிலத்துக்கடியில் கொண்டுபோங்கள் என்று 2018 டிசம்பரில் கொங்கு மாவட்ட விவசாயிகள் தொடர் போராட்டம் நடத்தியபோது, நிலத்தடிக் கேபிளுக்குச் செலவு பல மடங்கு என்ற பதில் கிடைத்தது. செலவு கூடும் என்பது உண்மை. ஒரே பாதையின் ஒரு துண்டுக்கு அந்தச் செலவை ஏற்றவர்கள் இன்னொரு துண்டுக்கு ஏற்க மறுத்ததுதான் விவசாயியின் நெஞ்சில் தைத்தது.

தென்னை விவசாயிக்கு இதில் கூடுதல் இழப்பு. மின்பாதைக்குக் கீழே மஞ்சளோ நிலக்கடலையோ வைக்கலாம், தென்னை வைக்க முடியாது. கிணத்துக்கடவுப் பக்கம் என் மைத்துனர் தோட்டத்தின் வழியாக ஓர் உயர்மின் பாதை போனபோது, கம்பிக்குக் கீழிருந்த மரங்களை வெட்டினார்கள். “மரம் ஒண்ணுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டாங்க மச்சான். அந்த மரம் இன்னும் நாப்பது வருசம் காய்ச்சிருக்குமே, அதுக்கு யாருங்க கணக்குப் போட்டாங்க?” என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கோபுர அடியிடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு, கம்பி செல்லும் அகலத்துக்கு அதிக அளவாக 15 விழுக்காடு என்பது 2015ஆம் ஆண்டின் மத்திய வழிகாட்டுதல். 2024 ஜூனில் அதைத் திருத்தி, முறையே 200 விழுக்காடு, 30 விழுக்காடு என்று உயர்த்தினார்கள். போராடியவர்களின் பங்கு இதில் உண்டு என்றே நான் எண்ணுகிறேன். ஆனாலும் ஒரு முறை கொடுத்து முடித்துவிடும் தொகை இது. நிலத்தின் மேல் நாற்பது ஆண்டுகள் மின்சாரம் ஓடுமானால், நாற்பது ஆண்டுகளும் நிலத்துக்கு உரியவருக்கு ஆண்டு வாடகை வரவேண்டும். அப்படி வந்தால் கோபுரம் வருவதைத் தடுக்க ஊர் திரளாது. இழப்பீட்டு வழக்குகளில் ஆண்டுகள் வீணாகாது. பாதை விரைவில் முடியும்.

கூரைச் சூரிய மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. வசதியுள்ள வீடுகள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் இருப்பவர்களுக்கும், வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் அதில் இடம் கிடைப்பது அரிது. தெருவின் டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவு முடிந்துவிட்டால் அடுத்து விண்ணப்பிப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். பஞ்சாயத்துக் கட்டடங்களிலும் பள்ளிக் கூரைகளிலும் பொதுவான தகடுகளைப் பதித்து, அந்த யூனிட்டுகளை இத்தகைய வீடுகளின் கணக்கில் கழித்தால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

பாசன மோட்டார்களை அப்படிச் சுருக்கமாகக் கடக்க முடியாது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிவிட்ட பகுதி எங்களுடையது. பகல் முழுவதும் செலவின்றி ஓடும் சூரிய மோட்டாரைத் தனியாகக் கொடுத்தால், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி முடித்துவிடுவோம். மோட்டாரை மின்கட்டமைப்போடு இணைத்து, இறைக்காமல் மிச்சப்படுத்திய மின்சாரத்தை வாரியம் நல்ல விலைக்கு வாங்கினால், நீரைச் சேமிப்பதே விவசாயிக்கு வருமானமாகும். வாங்கும் விலை குறைவாக இருந்தால் யாரும் மோட்டாரை நிறுத்தமாட்டார்கள். விவசாயிகளுக்கென்று மத்திய அரசு 2019இல் தொடங்கிய குசும் என்ற சூரிய மின் திட்டத்தில் இதற்கும் வழி உண்டு. தரிசு நிலத்தில் இரண்டு மெகாவாட் வரை சூரிய நிலையம் அமைக்கவோ அதற்கு நிலத்தைக் குத்தகைக்கு விடவோ விவசாயியை அனுமதிக்கும் பகுதியும் அதில் உண்டு. வேர்வாடல் நோயால் தென்னையை இழந்து தரிசாகிவரும் தோட்டங்களுக்கு அது கைகொடுக்கும்.

பழைய காற்றாலைகளும் கவனிக்கப்படாமல் நிற்கின்றன. 1990களில் இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரிச்சலுகை கிடைத்ததால் நூற்பாலைகளும் பிற நிறுவனங்களும் போட்டி போட்டு நிறுவிய 225, 250 கிலோவாட் காத்தாடிகள் அவை. இன்றைய இயந்திரம் ஒன்று அப்படிப்பட்ட பத்துக்கு ஈடாகும். காற்று மிகச் சிறந்த இடங்களை அந்தச் சிறிய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றத் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டது. உரிமையாளர்கள் பலர், நிலத்துண்டுகளும் பல என்பதால் ஒருவர் மட்டும் நினைத்து மாற்ற முடியாது. சிறு உரிமையாளர்களையும் நிலக்காரர்களையும் பங்குதாரர்களாகச் சேர்த்து ஒரே நிறுவனமாக்கினால், புதிய இடம் தேடி மேய்ச்சல் நிலத்தைப் பிடிக்கத் தேவை இராது.

பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தை முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை சீராய்வு செய்யலாம் என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. 1988இல் அந்தக் காலம் வந்தும் சீராய்வு முடியவில்லை. 2019 செப்டம்பரில் இரு மாநில முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, இதைப் பேசக் குழு அமைத்தார்கள். அந்தப் பேச்சில் நீரோடு மின்சாரத்தையும் சேர்க்க வேண்டும். காற்று மாதங்களில் எத்தனை யூனிட் மேற்கே வரும், கோடை இரவுகளில் எத்தனை யூனிட் கிழக்கே போகும், அதற்கான கம்பி யார் நிலத்தின் வழியாக என்ன வாடகையில் செல்லும் என்பதை நாள் குறித்து எழுத வேண்டும். எல்லையின் இரு பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும், சித்தூர், பொள்ளாச்சிப் பாசன விவசாயிகள் சங்கங்களிடமும் இந்தக் கோரிக்கையை எழுத்து வடிவில் கொடுக்க இருக்கிறேன். உடன்படுபவர்கள் தத்தம் ஊர்க் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன்.