எரிந்த காயிலுக்கு எத்தனை மதிப்பெண்?

எங்கள் கல்லூரிக்கு, பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியமான என்.பி.ஏ.வின் ஆய்வுக் குழு வரப்போகிறது. ஒரு வாரமாகப் பாடம் நடத்திய நேரத்தைவிட பாடத்தின் பயன்களை (சி.ஓ.) மொத்தப் படிப்பின் திறன்களோடு (பி.ஓ.) பொருத்தும் அட்டவணை நிரப்பிய நேரம்தான் அதிகம். ஒவ்வொரு பாடமும் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) படிப்பின் எந்தத் திறனை எவ்வளவு வளர்க்கிறது என்று 1, 2, 3 போட வேண்டும்; 3தான் உச்சம். ஆதாரம், பரீட்சைத் தாள்.

அந்தத் திறன் பட்டியல்மேல் எனக்குக் குறையே இல்லை. ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை இன்னொரு நாடு நிகராக ஏற்பதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினரானது. அதையொட்டிய பட்டியலில் இரண்டாவதாக நிற்பது, சிக்கலைப் பகுத்தாய்தல். நல்ல நோக்கம்தான்.

நான் படிப்பை முடித்த வருடம், குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம், மன்னார்குடி பக்கம் சித்தப்பாவின் பம்புசெட் மோட்டார் எரிந்துவிட்டது. "ஏம்ப்பா, நீ கரண்டு படிப்புதானே படிச்ச, என்னன்னு பாரேன்" என்றார். எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் திறந்த கையோடு சொன்னார்: "ரெண்டு ஃபேஸ் காயில் கருகிக் கெடக்கு, ஒண்ணு புதுசாட்டம் இருக்கு பாருங்க தம்பி. ஒரு ஃபேஸ் இல்லாமயே ஓடிருக்கு."

மூன்று ஃபேஸ், அதாவது மூன்று மின்வழிகளில் கரண்டு வாங்கும் மோட்டார் அது; மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்த ஸ்டார் இணைப்பு. ஒரு ஃபேஸ் போனபின்னும் அதே தண்ணீரை இறைக்க, மீதி இரண்டு காயிலும் ஏறக்குறைய 1.73 மடங்கு கரண்டு இழுக்கும். சூடு மூன்று மடங்காகும். மூன்றையும் முக்கோணமாகக் கோத்த டெல்டா இணைப்பென்றால் ஒரு ஃபேஸ் காயில்தான் கருகியிருக்கும். இவ்வளவும் நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவைதான். ஆனால் எரிந்த மோட்டார் ஒன்றை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்குச் சித்தப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் மாணவர்களும் அப்படித்தான் போகிறார்கள். ஆய்வகத்தில் நல்ல மோட்டாரை ஓட்டி, ரீடிங் எடுத்து, கோடு வரைவதோடு சரி. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. சமூகத்தை எண்ணிப் பார்க்கும் பொறியாளர் என்ற பொருளில் ஒரு திறன் பட்டியலில் இருக்கிறதே, அதைக் கற்றுக்கொடுக்க இதைவிட என்ன பாடம் வேண்டும்?

இந்த செமஸ்டரில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், அவரவர் ஊரில் எரிந்த ஒரு மோட்டாரின் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிவரச் சொன்னேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் வீட்டு மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டியையே எழுதியிருந்தாள். அடிக்கடி ட்ரிப் ஆகி மோட்டார் நின்றுவிடுகிறதென்று, கரண்டு கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை விட்டுவிட்டு அப்பா நேரடியாக இணைத்துவிட்டிருக்கிறார். வரும் வோல்டேஜை அளந்திருக்கிறாள், மாலையில் நன்றாக இறங்குகிறது. அதனால்தான் கரண்டு கூடி ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறது. அப்பாவுக்குப் புரியவைத்து, ஊர் ஒயர்மேனைக் கூப்பிட்டு, மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு ரிலேயைத் திரும்ப மாட்டவைத்திருக்கிறாள்.

பகுத்தாய்தல் கட்டத்தில் அவளுக்கு 3 போட்டேன். பரீட்சைத் தாள் இல்லாமல் இதை ஏற்க முடியாது என்று கோப்பு திரும்பி வந்திருக்கிறது. நாளைக்கு அவளுடைய நோட்டையே எடுத்துக்கொண்டு போய்க் கேட்கப்போகிறேன்.